சர்வேயா பாப்பா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ஊரில் ஒரு பெண், எதுவும் வாங்காமல், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், சாமி கும்பிடாமல், சும்மா ஒரு அரை மணி நேரம் உட்கார எத்தனை இடம் இருக்கிறது? விரல் விட்டு எண்ணுங்கள். எங்கள் கடத்தூரில் நான் எண்ணியபோது ஒரு விரலே மடங்க மறுத்தது. டீக்கடை பெஞ்ச் ஆண்களுக்கு. மரத்தடி மேடை பெரியவர்களுக்கு, அதாவது பெரிய ஆண்களுக்கு. கோயில் திண்ணையில் உட்காரலாம், ஆனால் பத்து நிமிஷத்தில் யாராவது "வீட்ல தேடப்போறாங்க பாப்பா" என்பார்கள்.

இப்போது எனக்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது. காரணம் ஒரு எக்ஸாம் பேடும் ஒரு பால்பென்னும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

நாங்கள் யார்?

கடத்தூர் தெரியாதவர்களுக்கு: தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ரயில் பிடிக்க பொம்மிடிக்கோ மொரப்பூருக்கோ போகவேண்டும். தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை நீலமாகப் படுத்துக் கிடக்கும். வெற்றிலை, மரவள்ளி, மஞ்சள், மாங்காய், புளி என்று கலந்து கட்டின விவசாயம். சினிமாவில் காட்டுகிற அளவுக்கு அழகான கிராமமும் இல்லை, செல்ஃபி எடுக்கிற அளவுக்குப் பெரிய நகரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஊர். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் வருகிறோம், ஆனால் யாரும் இதைப் படம் போடுவதில்லை.

எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. ஆறு பேர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் (எல்லாருக்கும் அவர் டிராயிங் சார்). போர்டு எழுதுகிற பெயிண்டர் அண்ணன் ஒருவர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். ஒன்பதாவது படிக்கும் ஒரு தம்பி. அப்புறம் நானும் என் தோழியும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓரிடத்தில் கூடுவோம். ஒன்பதரைக்குள் வெயில் ஏறிவிடும், அதற்குள் முடித்துவிடுவோம்.

விதிகள் மூன்றே மூன்று. ரப்பர் கொண்டு வரக்கூடாது. கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் வரையவேண்டும், போனைப் பார்த்து வரையக்கூடாது. கடைசியில் எல்லா நோட்டையும் தரையில் பரப்பி எல்லாரும் பார்க்கவேண்டும், அப்போது "சூப்பர்" என்று சொல்லக்கூடாது. ஏன் நன்றாக இருக்கிறது, அல்லது ஏன் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். இந்த மூன்றாவது விதிதான் ரொம்பக் கஷ்டம்.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை

உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். காப்ரியல் காம்பனாரியோ என்று ஒரு பத்திரிகை ஓவியர். ஸ்பெயினில் பிறந்தவர், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வேலை. புதிய ஊரைப் புரிந்துகொள்ள அதை உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். தன்னைப் போலத் தெருவில் வரைகிறவர்களுக்காக 2007-ல் ஃபிளிக்கர் தளத்தில் ஒரு குழு தொடங்கினார். அதுதான் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்'. 2010-ல் போர்ட்லாண்டில் முதல் மாநாடு நடத்தினார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் கிளைகள். அவர்களுக்கு எட்டு அம்சக் கொள்கை ஒன்று உண்டு. சுருக்கமாகச் சொன்னால்: இடத்திலேயே இருந்து வரை, பார்த்ததை உண்மையாக வரை, எந்தப் பொருளாலும் வரை, சேர்ந்து வரை, வரைந்ததைப் பகிர்ந்துகொள்.

சென்னையில் 'சென்னை வீக்கெண்ட் ஆர்டிஸ்ட்ஸ்' என்ற குழு வார இறுதியில் ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போய் வரைந்து வந்திருக்கிறது. பெங்களூரில் 'பென்சில்ஜாம்' இருக்கிறது. அந்தப் படங்களையெல்லாம் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். மயிலாப்பூர் குளம், ஜார்ஜ் டவுன் சந்து, பழைய சிவப்புக் கட்டடங்கள்... வரைவதற்கென்றே கட்டின மாதிரி.

எங்களிடம் இருப்பது பஸ் ஸ்டாண்டு, சந்தை, டிராக்டர் ரிப்பேர் ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 'அர்பன்' என்றால் நகரம். பேரூராட்சி அதில் சேருமா என்று தம்பி ஒரு நாள் கேட்டான். டிராயிங் சார் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "தெரு லைட்டு இருக்குதில்ல? எரியுதோ இல்லியோ, அது நகரம்தான்."

தொழில் ரகசியம் கொஞ்சம்

சாமான் எதுவும் பெரிதாக வேண்டாம். பரீட்சைக்குக் கொண்டு போகிற எக்ஸாம் பேடு, அதில் கிளிப் போட்டு நாலைந்து வெள்ளைத் தாள், ஒரு பால்பென். வண்ணம் வேண்டுமென்றால் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கேம்லின் கேக் டப்பா, ஒரு பிரஷ், ஒரு பழைய தண்ணீர் பாட்டில். என் தோழி டீ டிகாக்‌ஷனைத் தொட்டுக்கூட நிழல் போட்டிருக்கிறாள். நன்றாகவே வந்தது.

பால்பென்னின் நல்ல குணம், அது அழியாது. போட்ட கோடு போட்டதுதான். அதனால் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து நொடி பார்த்து ஒரு நொடி வரைவது என்பது சார் சொல்லிக் கொடுத்த கணக்கு. நாமெல்லாம் தலைகீழாகச் செய்கிறோம். ஒரு நொடி பார்த்து, மிச்சத்தை மனசில் ஏற்கெனவே இருக்கிற மரம், ஏற்கெனவே இருக்கிற வீடு என்று இறக்கிவிடுகிறோம். சின்ன வயதில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் என்று வரைந்தோமே, அந்த ஊர் எங்கேயுமே கிடையாது. ஆனால் நம் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

அடுத்தது கண்மட்டக் கோடு. கூட்டத்தை வரைய இதைவிட நல்ல வித்தை இல்லை. நீங்கள் சமதரையில் நின்றுகொண்டு வரைந்தால், உங்கள் உயரமே இருக்கிற எல்லாருடைய கண்ணும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஒரே கோட்டில்தான் வரும். உடம்பு மட்டும் தூரம் போகப் போகச் சின்னதாகும். ஆகவே தாளில் ஒரு கோடு போட்டு, அதில் பெரியதும் சின்னதுமாகத் தலைகளைத் தொங்கவிட்டால் போதும், சந்தைக் கூட்டம் தானாக வந்துவிடும். செய்து பாருங்கள், மாயம் மாதிரி இருக்கும்.

நீங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டால் கதை மாறும். கோடு கீழே இறங்கி, நிற்கிறவர்களின் இடுப்புப் பக்கம் போகும். எல்லாரும் கோபுரம் மாதிரி உயர்ந்துவிடுவார்கள். அப்போது உங்கள் கண்மட்டத்தில் இருப்பது யார் தெரியுமா? தரையில் கடை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும்தான். வெற்றிலைக் கூடைக்காரர், கீரைக் கட்டுக்காரர், பூக்காரர். சந்தையில் உட்கார்ந்து வரைந்த முதல் நாள் எனக்கு இது உறைத்தது. அத்தனை வருஷம் நான் அவர்களை மேலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன், பேரம் பேசுகிற உயரத்திலிருந்து.

அந்தக் கேள்வி

சந்தையில் நாங்கள் உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி "என்னா படம் போடுற?" என்பது இல்லை. ஒரு வெற்றிலைக்கார ஆயா, கூடைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டே கேட்டார்: "சர்வேயா பாப்பா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மரவள்ளிக் காட்டு ஓரம் உட்கார்ந்தோம். காட்டுக்காரர் வேகமாக வந்தார், அதே கேள்வி. "எதுக்குங்க அளக்கிறீங்க? எட்டு வழிச் சாலையா?" பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளவு பார்ப்போமில்லையா, அது அவருக்கு நிலம் அளக்கிற மாதிரித் தெரிந்திருக்கிறது.

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டம் 2018-ல் அறிவிக்கப்பட்டது. சுமார் 277 கிலோமீட்டர், சுமார் பத்தாயிரம் கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று விவசாய நிலங்கள் வழியாகப் போகிற திட்டம். எங்கள் மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஊர்களிலும் அளந்தார்கள், கல் நட்டார்கள். மக்கள் அழுதார்கள், போராடினார்கள். 2019 ஏப்ரலில் நிலம் எடுப்பு அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்குத் தடையில்லை என்று சொன்னது. பேப்பரில் படிக்கிற நமக்கு இது வழக்கு. நிலம் வைத்திருப்பவருக்கு, தாளும் பேனாவுமாக வரப்பில் வந்து உட்காருகிற யாரைப் பார்த்தாலும் வயிறு கலங்குகிற ஒரு பழக்கம்.

இந்தக் கேள்வியைப் பற்றி நான் ரொம்ப நாள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே தேடியபோதுதான் ஒன்று கிடைத்தது. இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கும் மேல்!

1792

எங்கள் பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர். திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதே வருஷம் இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் சென்னையிலிருந்து கிளம்பி இந்தப் பக்கம் வந்தார்கள். தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல். சித்தப்பாவும் மகனுமாக ஊர் ஊராகப் போய், இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தார்கள். எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழவைத்துக் கோடு பிடிக்க உதவும் இருட்டுப் பெட்டி ஒன்றும் அவர்களிடம் இருந்தது, அதன் பெயர் கேமரா அப்ஸ்க்யூரா. ராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்ர துர்க்கம் என்று நம் மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பி 1795-லிருந்து 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் மொத்தம் 144 படங்களை அச்சிட்டார்கள். அதில் நம் பாராமகால் படங்களும் உண்டு.

இணையத்தில் கிடைக்கின்றன, பாருங்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அந்தப் பாறையும் அந்த வெளிச்சமும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. பஸ்ஸில் ஓசூர் போகும்போது ஜன்னலில் பார்க்கிற பாறை, லண்டனில் அச்சான படத்தில்!

ஆனால் அவர்கள் எதை வரைந்தார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். கோட்டை. யாரிடமிருந்து பிடித்தார்களோ அந்தக் கோட்டை. டேனியல்கள் படைவீரர்கள் இல்லை, அவர்கள் பிழைப்புக்காக வந்த ஓவியர்கள்தான். ஆனால் படை போன பாதையில்தான் அவர்களால் போக முடிந்தது. அவர்களோடு வந்த இன்னொரு கூட்டம் வேறு விதமாகத் தாளும் பேனாவும் பிடித்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தாமஸ் மன்றோ முதலானவர்கள் பாராமகாலின் வயல்களை அளந்து வரி போட்டார்கள். மன்றோ தர்மபுரியில் தங்கி ஏழு வருஷம் போல இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். பிறகு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் ஒத்திகை நடந்தது.

ஆக, எங்கள் மண்ணில் ஒருவர் வந்து உட்கார்ந்து, உற்றுப் பார்த்து, தாளில் கோடு போட்டால் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகும் என்பது சும்மா வந்த சந்தேகம் இல்லை. ஆயா சாக்கை இழுத்து மூடியது சரியான எச்சரிக்கைதான் என்று நினைக்கிறேன்.

நம்மவர்கள்

"அப்ப நம்மாளுங்க யாரும் வரையலியா?" என்று செல்போன் கடை அண்ணன் கேட்டார். வரைந்தார்கள்.

பக்கத்து நாமக்கல்லில் 1919-ல் பிறந்தவர் ஓவியர் சில்பி, இயற்பெயர் ஸ்ரீனிவாசன். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். (அந்தக் கல்லூரியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். டாக்டர் தொடங்கின ஓவியக் கல்லூரி!) சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடராக அவை வந்தன. அந்தப் படங்களைப் பார்த்தால், கல்லில் விழும் வெளிச்சத்துக்காக இவர் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்று தோன்றும். மதுரையை வரைந்த மனோகர் தேவதாஸ் இன்னொருவர். விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தபோதும், பேனா மையில் மதுரையை நுணுக்கி நுணுக்கி வரைந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார். கண்பார்வை முழுசாக இருக்கிற நாம் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்புகிறோம் என்று நான் மேலே எழுதியது, அவர் படங்களைப் பார்த்தபிறகு தோன்றியதுதான்.

ஆனால் இதற்கெல்லாம் முந்தைய ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. நடுகல். ஆடு மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கல். தர்மபுரி, செங்கம் பக்கமெல்லாம் வயலோரத்தில், ஏரிக்கரையில் இவை நிறையக் கிடைத்தன. ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, உடம்பில் அம்பு, காலடியில் மாடு. சில கற்களில் வட்டெழுத்தில் பெயரும் உண்டு. எங்கள் தர்மபுரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. எஜமான் விழுந்தபிறகு திருடர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காவல் காத்த நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லை, கடவுள் இல்லை, ஒரு மாட்டுக்காரரும் அவர் நாயும்! 1,400 வருஷமாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைத்தான் வரைந்தோம். பெயிண்டர் அண்ணன் வீரனை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் வரைந்தார். "இவனும் போர்டு எழுதினவன்தான் பாப்பா. இடம் பத்தாம கடைசி வரியில நெருக்கிப் போட்டிருக்கான் பாரு" என்றார். நான் ரசித்துச் சிரித்த விமர்சனம் அதுதான்.

நோட்டைத் திருப்பிக் காட்டுவது

சரி, "சர்வேயா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "இல்லை" என்று சொன்னால் போதாது. அளக்க வருகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக நாங்களே ஒரு வழி பிடித்தோம். உட்காருவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்காருவோம். முகம் வரைவதானால் கேட்டுவிட்டு வரைவோம், வேண்டாமென்றால் விட்டுவிடுவோம். முக்கியமாக, பாதியிலேயே நோட்டைத் திருப்பிக் காட்டுவோம். சர்வேக்காரர் தன் நோட்டை யாருக்கும் காட்டமாட்டார், நாங்கள் காட்டுவோம். இந்த ஒரு வித்தியாசம் போதுமானதாக இருக்கிறது.

காட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? திருத்துவார்கள்! சாக்கை இழுத்து மூடின அதே ஆயா, தம்பியின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னா கண்ணு, காம்பெல்லாம் நாலா பக்கமும் பறக்குது. கவுளின்னா நூறு வெத்தல, காம்பு ஒரே பக்கமா இருக்கணும். இதை எவன் வாங்குவான்?" என்று ஒரு கட்டைப் பிரித்து அடுக்கியே காட்டினார். சுற்றி நாலு பேர் கூடினார்கள். கீரைக்காரர் தன் தராசையும் போடச் சொன்னார். அன்றைக்கு அரை மணி நேரம் சந்தையில் எங்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் வரைந்தார்கள், விரலால், காற்றில்.

போனில் எடுத்தால் ஒரு நொடியில் முடிந்திருக்குமே என்று கேட்பீர்கள். அதேதான் பிரச்சினை. ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவர் பார்ப்பதற்குள் அவர் முகம் நம் பையில். வரைவதற்கு அரை மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும். அந்த அரை மணி நேரமும் அவர் நம்மைப் பார்க்கலாம், கேட்கலாம், எழுந்து போகச் சொல்லலாம். நாம் அவரைப் பார்க்கிற அளவுக்கு அவரும் நம்மைப் பார்க்கிறார். கணக்கு சரியாக இருக்கிறது.

முதலில் சொன்ன பெண்கள் விஷயத்துக்கும் இதுவே விடை. முதல் இரண்டு மாதம் எங்களைச் சுற்றிப் பையன்கள் நின்றார்கள், கமெண்ட் வந்தது, வீட்டுக்குச் செய்தியும் போனது. ஆனால் திரும்பத் திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்து, நோட்டைக் காட்டிக்கொண்டே இருந்ததில், நாங்கள் 'படம் போடுற பிள்ளைங்க' ஆகிவிட்டோம். இப்போது யாராவது தொந்தரவு செய்தால் பூக்கார அக்காவே விரட்டிவிடுகிறார். ஊரில் உட்கார ஓர் இடம் என்பது யாரும் கொடுப்பதில்லை போலிருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் அது உண்டாகிறது.

புளிய மரம்

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பக்கத்து ரோட்டில் ஒரு பெரிய புளிய மரம் இருந்தது. அதன் நிழலில் ஓர் அக்கா இளநீர்க் கடை போட்டிருந்தார். ஒரு ஞாயிறு அங்கே போனபோது, மரத்தில் பட்டையை லேசாகச் சீவி, பெயிண்டால் நம்பர் போட்டிருந்தார்கள். ரோடு அகலமாகப் போகிறது.

உட்கார்ந்து ஆரம்பித்தோம். டிராயிங் சார் சொன்னார், "அந்த நம்பரை விட்டுடுங்க. படத்தைக் கெடுக்குது." வழக்கமாகச் சாரை எதிர்த்துப் பேசாத பெயிண்டர் அண்ணன் அன்றைக்குப் பேசினார். "இல்ல சார், போடணும். போன வருஷம் வேற ரோட்டுல இதே மாதிரி நம்பர் போட நான்தான் போனேன். மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி." ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபிறகு போர்டு எழுதுகிற வேலை எவ்வளவு குறைந்துபோனது என்று உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு கிடைத்த வேலை அது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் நம்பரைத்தான் முதலில் வரைந்தார். மரம் அதைச் சுற்றி அப்புறம்தான் வந்தது.

ஆறு படம். நான்கில் நம்பர் இருந்தது, இரண்டில் இல்லை. நான் நம்பரோடுதான் வரைந்தேன். பார்த்ததை உண்மையாக வரை என்றுதானே கொள்கை?

மரத்தை வெட்டின பிறகு இளநீர் அக்கா தார்ப்பாய் கட்டிக் கடை போட்டார். ஒரு படம் கொடுங்கள், கடையில் மாட்டுகிறேன் என்றார். ஆறையும் எதிரில் வைத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டிராயிங் சார் வரைந்த, நம்பர் இல்லாத படத்தை எடுத்துக்கொண்டார். "இதுதான் மரம். அதெல்லாம் வெட்டறதுக்கு வச்சது" என்றார்.

அவர் சொன்னதும் உண்மை, அண்ணன் சொன்னதும் உண்மை. எது கூட உண்மை என்று நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். :-)

அடுத்த முறை தென்கரைக்கோட்டை போவதாகத் திட்டம். இடிந்த கோட்டை, உள்ளே கல்யாண ராமர் கோயில். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது வரவிரும்பினால் தாராளமாக வரலாம், வரையத் தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. தூரத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊரிலேயே ஆரம்பியுங்கள். ஓர் எக்ஸாம் பேடு, ஒரு பால்பென், அரை மணி நேரம். பக்கத்தில் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் நோட்டை மூடாதீர்கள். அவர் பக்கம் திருப்புங்கள்.